பொருநைத் தாழிகள் யாருக்குரியன?

பொருநையாற்றின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலை ஊடறுத்தோடும் மேட்டுநிலமே ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 114 ஏக்கர் பரப்புடைய அவ் இடுகாட்டில், நெல் விளையாத வன்னிலத்தைக் குடைந்து, நம் முன்னோர் தம் இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்தனர்.

1876-இல் செருமானியரான சாகோர் அதனைத் தோண்டினார். எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டேகினார். 1899 முதல் ஆங்கில அரசின் தொல்லியல் அலுவலர் அலெக்சாந்தர் இரீ பன்முறை அகழ்ந்தார். இரும்பு வாளும் வேலும், வெண்கலக் கலங்களும், தாள்போல் மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களும், நெல்லுமியும் வெளிப்பட்டன. அவற்றின் விளக்கப் பட்டியலை 1915-இல் அச்சிட்டும் விட்டனர். அயலவன் ஆட்சியில் நடந்தது இது.

நம்மவர் ஆட்சியில் நடந்ததென்ன? 2004–05-இல் நடுவணரசின் தொல்லியல் துறை அகழ்ந்து, நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அறிக்கைக்கோ பதினைந்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். இடையில் உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் தொடுக்க வேண்டியதாயிற்று. அண்மையிலுள்ள சிவகளையில் தமிழ்நாட்டரசின் துறை 2020-இல் அகழத் தொடங்கியது. தாழிநெல்லின் காலம் கி.மு. 1155 என மறு ஆண்டே உலகறியச் சொல்லிவிட்டது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் மேடைப் பேச்சாளர்க்கும் ஒரு சொல். ஆய்வு காட்டாத பல்லாயிரம் ஆண்டுகளை வாய்க்கு வந்தபடி கூட்டாதீர். உள்ளதே போதிய பெருமை. மிகைபடக் கூறின் உள்ளதையும் நம்பார்.

கணவனொடு தனக்கும் இடமாகுமாறு தாழியை அகல வனையக் குயவனை வேண்டும் பெண்ணின் பாட்டு புறநானூற்றில் உளது. அதனைப் பயிற்றும் ஆசிரியருள் எத்துணையர் தாழியைக் கண்ணாற் கண்டனர்? 2023-இல் பரம்பின் குழிகள்மேல் கண்ணாடித் தளமிட்டு, தாழிகளைக் கிடந்தவாறே காணச் செய்துள்ளனர். நன்று, பாராட்டுகிறோம். பள்ளிதோறும் மாணாக்கரை அங்கு அழைத்துச் செல்க.

ஆனால் காட்சியோடு அமைய மாட்டோம். 2004 அகழ்வின் அறிக்கையும், 2021-இல் மீளத் தொடங்கிய அகழ்வின் அறிக்கையும் முழுமையாகத் தமிழில் வரல் வேண்டும். தாழியைப் புதைத்தவனின் வழித்தோன்றல் அதனை அறிய ஆங்கிலங் கற்றுவர வேண்டுமென்பது எந்நாட்டு முறை? பெர்லினுக்குச் சென்றவை எவையெவை எனப் பட்டியல் கேட்டுப் பெற்று, அவற்றை மீட்கும் முயற்சியைத் தமிழ்நாட்டரசு இவ்வாண்டே தொடங்குக.