கலிங்குக்குக் கீழே தொழிலாளி!

குளம் நிறைந்தால்தான் கலிங்கில் தண்ணீர் வழியும். அந்த மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் குளத்துக்குள்ளேயே நிற்கும். ஒரு சொட்டும் மறுபுறம் போகாது. நொய்யல் பாய்ந்து நிறையும் குளங்களைப் பார்த்து வளர்ந்த கோவைத் தோழர்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதே கணக்கு ஆஸ்பத்திரிச் செலவிலும் புகுந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் ‘டிடக்டிபிள்’ என்றொரு சொல் வருகிறது. முதற்கழிவு என்று நாம் சொல்லலாம். ஆஸ்பத்திரிச் செலவில் இன்ன தொகை வரை உன் பொறுப்பு, அதற்கு மேல் வழிவது மட்டுமே கம்பெனியின் பொறுப்பு என்பதே அதன் பொருள். பிரீமியம் கட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருக்கும் தொழிலாளி, மனைவியைக் கட்டிலில் கிடத்திவிட்டு பில்லைக் கையில் வாங்கும் வேளையில்தான் இந்தச் சொல்லை முதன்முதலாகச் சந்திக்கிறான். அந்த வேளையில் அறிந்து பயன் என்ன?

இந்தத் தொல்லை இன்று கோவைத் தொழிலாளிக்கு ஏன் வந்தது?

தமிழகத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீடு முதன்முதலாகத் தொடங்கிய ஊர் எது? சென்னையன்று; கோவை! 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1955 ஜனவரி 23ஆம் நாள் இங்கே இ.எஸ்.ஐ. வந்தது. அந்தத் திட்டத்தில் முதற்கழிவு என்ற பேச்சே கிடையாது. 2019 ஜூலை முதல் தொழிலாளி தருவது கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி தருவது மூன்றேகால் ரூபாய். மாதம் 20,000 ரூபாய் கூலி என்றால் தொழிலாளி 150, முதலாளி 650. அந்தப் பணத்துக்கு வைத்தியம் மட்டுமா? நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம் வீட்டுக்கு வருகிறது. வரிசை நீளம், அலைச்சல் மிகுதி என்ற குறைகளைத் தோழர்கள் சொல்வதுண்டு. அவற்றைப் போராடித் திருத்த வேண்டும். ஆனால் “முதல் மூன்று லட்சத்தை நீ கட்டு, பிறகு வா” என்று இ.எஸ்.ஐ. எந்தத் தொழிலாளியையும் திருப்பி அனுப்பியதில்லை.

ஆனால் அந்தக் கூரைக்கும் ஓர் எல்லை உண்டு. இ.எஸ்.ஐ.க்கான கூலி வரம்பு 2017 ஜனவரியில் 15,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குப் பிறகு அரிசி விலை ஏறியிருக்கிறது, வீட்டு வாடகை ஏறியிருக்கிறது. பவுண்டரியிலும் பம்பு செட் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் போராடிப் பெற்ற கூலியும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாதம் நானூறு ரூபாய் உயர்வு பெற்று 20,800 கூலி 21,200 ஆகும் தொழிலாளி அந்த வரம்பைத் தாண்டுகிறான். சந்தாக் காலமும் அதற்குரிய பயன் காலமும் முடிந்ததும் இ.எஸ்.ஐ. கூரை அவன் தலையிலிருந்து அகன்றுவிடுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போகலாமென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். இவனுக்கோ இரண்டரை லட்சம்! அங்கும் இடமில்லை, இங்கும் இடமில்லை. நானூறு ரூபாய்க்கு இவன் கொடுத்த விலை இது!

இந்த இடத்தில்தான் ஏஜெண்டு வருகிறார். “பத்து லட்சத்துக்குப் பாலிசி, பிரீமியமோ மிகக் குறைவு” என்கிறார். ஏன் குறைவு என்று கேட்டவர் எத்தனை பேர்? அது பெரும்பாலும் ‘டாப்-அப்’ பாலிசி. மூன்று லட்சமோ ஐந்து லட்சமோ முதற்கழிவு வைத்தது. கலிங்கை உயரக் கட்டினால் வழிகிற தண்ணீர் குறையும். கம்பெனிக்குச் செலவு குறையும். ஆகவே பிரீமியமும் குறையும். இதை மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு. ஆழமறியாமல் காலை விடலாமா?

மூன்று லட்சம் முதற்கழிவு என்று வைத்துக்கொள்வோம். பில் நான்கு லட்சம். கம்பெனி தருவது நான்கு லட்சமல்ல, ஒரு லட்சம். பில் இரண்டே முக்கால் லட்சமென்றால்? ஒரு காசும் இல்லை!

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே ஆண்டில் இரண்டு முறை படுக்கிறார். இரண்டு முறையும் இரண்டிரண்டு லட்சம் செலவு. சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியே அளக்கும், இரண்டுமே மூன்று லட்சத்துக்குக் கீழ், கை விரித்துவிடும். ‘சூப்பர் டாப்-அப்’ என்பது ஆண்டுச் செலவைச் சேர்த்து அளக்கும். நான்கு லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தரும். ஒரு சொல்லின் வேற்றுமை. ஒரு லட்சத்தின் வேற்றுமை!

டாப்-அப் வாங்கவே கூடாதா என்று கேட்கலாம். வாங்கலாம், கீழே அடித்தளம் இருக்குமானால். ஆலையில் மூன்று லட்சத்துக்குக் குழுக் காப்பீடு இருந்தால், அது முதற்கழிவை நிரப்பும். மேலே உள்ளதை டாப்-அப் பார்க்கும். ஆனால் ஆலை மூடினால்? ஆட்குறைப்பு வந்தால்? வேலை போன அன்றே குழுக் காப்பீடும் போகும். மூன்று லட்சமும் தொழிலாளி தலையில் விழும். கூலியும் இல்லாத நாளில் அந்த மூன்று லட்சம் எங்கிருந்து வரும்? மீட்டர் வட்டிக்காரனிடமிருந்துதான் வரும்!

ஆகவே கிளைச் செயலாளர்களுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது. யார் பாலிசி வாங்கினாலும் நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். முதற்கழிவு எவ்வளவு? அது ஒவ்வொரு பில்லுக்கா, ஆண்டுக்கா? அதற்கு மேலும் நூற்றுக்கு இத்தனை வீதம் நாமே கட்ட வேண்டிய ‘கோ-பே’ உண்டா? அறை வாடகைக்கு வரம்பு உண்டா? இவற்றையெல்லாம் சொல்லும் தகவல் தாளைக் கம்பெனி தந்தாக வேண்டும்; கேட்டால் தமிழிலும் தர வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதி. பாலிசி பிடிக்கவில்லையென்றால் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் திருப்பிவிடவும் உரிமையுண்டு. படிக்கத் தெரிந்த தோழர் தெரியாத தோழருக்குப் படித்துக் காட்டட்டும். சங்க அலுவலகத்தில் ஒரு மாலைப்பொழுது இதற்கென ஒதுங்கட்டும்.

அது தற்காப்பு. கோரிக்கை வேறு. இ.எஸ்.ஐ. கூலி வரம்பு விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும். கூலி உயர்வு பெற்றதற்காக எந்தத் தொழிலாளியும் வைத்தியத்தை இழக்கக் கூடாது. வரம்பைத் தாண்டியவனுக்கு முதலாளி குழுக் காப்பீடு எடுத்தால், அதிலுள்ள முதற்கழிவை முதலாளியே ஏற்க வேண்டும். அடுத்த கூலி ஒப்பந்தத்தில் இந்த வரியும் இடம்பெறட்டும்.

உழைப்பவன் உடம்பு கெட்டால் முதல் ரூபாயிலிருந்தே துணை வேண்டும். குளம் நிறையட்டும் என்று நோய் காத்திருப்பதில்லை!