பொறியும் பொறுப்பும்

நுழையும்முன்

பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் நஞ்சு பூச்சியோடு நின்றுவிடுவதில்லை. மண்ணிலும் நீரிலும் உணவிலும் கலக்கிறது. பூச்சியின் இயல்பை அறிந்து, மணத்தாலும் நிறத்தாலும் அதனை ஈர்க்கும் பொறிகள் இதற்கு ஒரு மாற்றுவழி. அவற்றின் ஆற்றலையும் எல்லையையும் எடுத்துரைத்து, அவற்றைக் கையாளும் முறை குறித்து ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

மழையை நம்பும் மண்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வேளாண்மை பெரிதும் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் சார்ந்தது. நெல்லோடு நிலக்கடலையும் உளுந்தும் இங்கு விளைகின்றன. மானாவாரி உழவருக்கு விதைப்பும் களையெடுப்புமே பெருஞ்செலவு. அதன்மேல் மும்முறை நான்குமுறை மருந்து தெளிக்க நேர்ந்தால், விளைச்சல் வீடு வந்தாலும் வருவாய் வீடு வருவதில்லை. ஆகவே, எப்போது தெளிப்பது, தெளிக்காமல் எப்போது இருப்பது என்னும் முடிவே அவரது வாழ்வைத் தீர்மானிக்கிறது. இம்முடிவை எடுக்க உதவும் கருவியே பொறி. அதனை விலை குறைந்த பூச்சிக்கொல்லியாக மட்டும் கருதுவது அதன் பயனில் பாதியை இழப்பதாகும்.

மணமும் நிறமும்

பெண் அந்துப்பூச்சி தன் இணையை ஒலியால் அழைப்பதில்லை; மணத்தால் அழைக்கிறது. செருமானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனன்ட், ஏறத்தாழ 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அம்மணப்பொருளைப் பிரித்தெடுத்து 1959ஆம் ஆண்டில் அதன் வேதியமைப்பை வெளியிட்டார். இம்மணம் இனத்துக்கு இனம் வேறுபடும். அதனால், பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்குரிய மணக்குப்பி, நிலக்கடலையைத் தாக்கும் புரோட்டீனியா அந்துப்பூச்சியை ஈர்க்காது. செயற்கையாகச் செய்த மணப்பொருளை வைத்த இனக்கவர்ச்சிப் பொறியைப் பயிரின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிட்டால், ஆண் அந்துப்பூச்சிகள் தேடிவந்து சிக்கிக்கொள்ளும்.

வெள்ளை ஈ, அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை நிறம் ஈர்க்கிறது. இளந்தளிரை நாடும் அவற்றின் கண்ணுக்கு மஞ்சள் நிறம் உணவின் அடையாளமாகத் தோன்றுகிறது. இலைப்பேன்களை நீல நிறம் மிகுதியாக ஈர்க்கிறது. கடையில் விற்கும் ஒட்டும் அட்டைதான் வேண்டும் என்பதில்லை. பழைய எண்ணெய்த் தகரத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசி, அதன்மேல் விளக்கெண்ணெய் தடவினாலும் பொறி அமைந்துவிடும்.

பொறியின் எல்லை

பொறியால் எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணுவதும் பிழையே. இனக்கவர்ச்சிப் பொறியில் சிக்குவன ஆண் பூச்சிகள். முட்டையிடுவனவோ பெண் பூச்சிகள். வேறு வயலில் இணைசேர்ந்த பெண் பூச்சி, பொறியைக் கடந்து வந்து முட்டையிடலாம். மஞ்சள் அட்டையில் வெள்ளை ஈ மட்டுமன்றி, உழவருக்கு உதவும் ஒட்டுண்ணிக் குளவியும் பொறிவண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

உளுந்தில் தோன்றும் மஞ்சள் தேமல் நோய் இதற்குத் தக்க சான்று. இந்நோயின் நச்சுயிரியைப் பரப்புவது வெள்ளை ஈ. பயிரின் இளம்பருவத்தில் நோய் தாக்கினால் விளைச்சல் பெருமளவு அழியும். நோயுற்ற செடியை மீட்கும் மருந்து இல்லை. வெள்ளை ஈக்களுள் சில எஞ்சினாலும் நோய் பரவும் என்பதால், மஞ்சள் பொறி மட்டும் போதாது. ஆலங்குடிக்கு அருகே வம்பனில் இயங்கும் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம், இந்நோயைத் தாங்கி வளரும் வம்பன் 8 போன்ற உளுந்து இரகங்களை உருவாக்கியிருக்கிறது. தாங்கும் இரகத்தை விதைத்தல், நோயுற்ற செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழித்தல், பொறி வைத்தல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் காப்பு உறுதியாகிறது. அதேபோல், நிலக்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கை வளர்த்தால், புரோட்டீனியா பெண் பூச்சிகள் அதன் அகன்ற இலைகளை நாடி முட்டைக் குவியல்களை இடும். அவ்விலைகளைக் கிள்ளி அழிப்பது எளிது. ஆண் பூச்சிக்குப் பொறியும் பெண் பூச்சிக்கு ஆமணக்கும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

எண்ணுவோரே வெல்வர்

அப்படியானால் பொறியின் முதற்பயன் யாது? அது எச்சரிக்கை செய்கிறது. நாள்தோறும் பொறியில் விழும் பூச்சிகளை எண்ணிக் குறித்துவந்தால், எண்ணிக்கை உயரத் தொடங்கும் நாள் தெரியும். முட்டை பொரித்துப் புழு வளர்வதற்குள் உழவர் விழித்துக்கொள்ளலாம். இளம்புழுப் பருவத்தில் 5 விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசலே பயன் தரக்கூடும். எண்ணிக்கை உயராவிட்டால் மருந்துச் செலவே தேவையில்லை. பொறியை மாட்டிவிட்டு எண்ணாமலிருப்பது, கடிகாரத்தை வாங்கிவிட்டு மணி பாராமலிருப்பதைப் போன்றது.

'எண்ணிக்கொண்டிருக்க நேரம் ஏது? மருந்தடித்தால் அன்றே பூச்சி விழுகிறதே' என்று கேட்போர் உண்டு. உழைப்பும் நேரமும் அருகிய காலத்தில் இக்கேள்வி நியாயமானதே. ஆனால், மருந்தில் விழுவது தீமை செய்யும் பூச்சி மட்டுமன்று. ஆந்திரப் பருத்தி வயல்களில் 1980களில் சில வகைச் செயற்கைப் பூச்சிக்கொல்லிகளை மிகுதியாகத் தெளித்ததன் பின்னர், வெள்ளை ஈ பெருகிப் பேரிழப்பை உண்டாக்கியது. பகைவனின் பகைவரையும் சேர்த்து அழித்ததன் விளைவு அது. அன்று மிச்சப்பட்ட நேரம் பின்னர்க் கடனாகத் திரும்பியது.

ஊர் கூடினால்

பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒருவர் வயலில் ஏக்கருக்கு 5 பொறி தொங்க, சுற்றிலுமுள்ள வயல்களில் ஒன்றுமில்லையெனில், அவரது முயற்சி பெரும்பாலும் வீணாகும். கோடை மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிப்படும் சிவப்புக் கம்பளிப்புழுவின் அந்துப்பூச்சிகளை, இரவில் விளக்குப் பொறி வைத்தும் தீமூட்டியும் அழிக்கும் முறையை நிலக்கடலை உழவர் அறிவர். அங்கும் ஊரார் ஒரே வேளையில் செய்தால்தான் பலன். கண்மாய் நீரை முறைவைத்துப் பங்கிட்ட மக்களுக்குப் பூச்சிக் கணக்கைப் பங்கிடுவது அரிதன்று. ஒவ்வோர் ஊரிலும் சில பொறிகளின் நாள் கணக்கைப் பொதுவிடத்துக் கரும்பலகையில் எழுதிவைத்தால், பள்ளி மாணவரும் அதில் பங்கேற்கலாம். வேளாண் அலுவலரும் அதனைக் கண்டு அறிவுரை கூறலாம். மணக்குப்பியை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவதும், பயன்முடிந்த ஒட்டும் அட்டைகளை வயலில் விட்டுவிடாமல் அகற்றுவதும் அப்பொதுப் பொறுப்பில் அடங்கும்.

நஞ்சைத் தெளிக்க ஒருவர் போதும். பொறியால் பயன்பெற அண்டை வயல்காரரும் வேண்டும். அதனைக் குறையென்று சொல்வதைவிட, ஊரை ஒன்றுசேர்க்கும் வாய்ப்பென்று கொள்வதே நன்று.