கர்ப்பிணியின் பையும் ‘கொள்’ என்னும் துணைவினையும்

தீபாவளிக்கோ சத் பூஜைக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்லும் கருவுற்ற பெண்ணுக்கு அறிவுரை கூறும் பட்டியல்கள் பண்டிகைதோறும் வெளிவருகின்றன. இரும்புச்சத்து மாத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள், போதிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், இடுப்புக்குச் சிறு தலையணை வைத்துக்கொள்ளுங்கள், கழிப்பறையைத் துடைக்கக் கிருமிநாசினி வைத்துக்கொள்ளுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவை நல்லெண்ணத்தோடு எழுதப்படுபவை என்பதில் ஐயமில்லை. அந்த நல்லெண்ணத்தின் இலக்கணத்தைத்தான் சற்று ஆராய வேண்டியிருக்கிறது.

தமிழில் ‘கொள்’ என்னும் துணைவினை, ஒரு செயலின் பயன் அதைச் செய்பவரையே சேர்வதைக் காட்டும். ‘கொடு’ என்னும் துணைவினை, அப்பயன் பிறரைச் சேர்வதைக் காட்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ‘கொள்’ என முடிகிறது. ஒவ்வொரு வரிக்கும் தோன்றா எழுவாய் அந்தப் பெண்ணே. தேவையும் அவளுடையது, அதை நிறைவேற்றும் கடமையும் அவளுடையது என்று வினைமுற்றே தீர்ப்பளித்துவிடுகிறது. கணவர், புகுந்த வீடு, ரயில்வே, சுகாதாரத் துறை ஆகிய எவரும் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக வருவதில்லை. யாரோ செய்யத் தவறிய பணிகளெல்லாம் இறுதியில் அவள் பைக்குள் பொருள்களாக நுழைகின்றன.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். கர்ப்பகாலத்தில் நீர் அருந்துவது குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் எளிதில் வரும். ஆகவே தண்ணீர் குடிக்கச் சொல்வது சரியே. ஆனால் பண்டிகைக் காலத்தில் சூரத்திலிருந்தோ மும்பையிலிருந்தோ பீகார் செல்லும் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில், நடைபாதையிலும் கழிப்பறை வாயிலிலும் மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கழிப்பறைக்குப் போக வழியில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இது அறியாமையால் நேர்வதன்று. அந்தச் சூழலில் அவர்களால் எடுக்கக்கூடிய ஒரே முடிவு அதுதான். குடிநீர்ப் புட்டியை நினைவூட்டும் பட்டியல் கழிப்பறையைப் பற்றிச் சொல்வது கிருமிநாசினி ஒன்றை மட்டுமே.

அடுத்தது தலையணை. நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் கருவுற்றவர்களுக்கு மிகுதி. அவர்களுக்கு வேண்டியது கால் நீட்டிப் படுக்கவும் இடையிடையே எழுந்து நடக்கவும் ஏற்ற கீழ்ப்படுக்கை. 72 படுக்கைகள் கொண்ட பெட்டியில் பக்கவாட்டுப் படுக்கைகளையும் சேர்த்து 27 கீழ்ப்படுக்கைகள் இருக்கின்றன. ரயில்வேயின் விதியோ மூத்த குடிமக்கள், 45 வயது நிரம்பிய பெண்கள், கருவுற்ற பெண்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் சேர்த்து, குளிர்சாதனமற்ற படுக்கைவசதிப் பெட்டி ஒன்றில் 6 அல்லது 7 இடங்களையே ஒதுக்குகிறது. முதல் இரு பிரிவினருக்கும் படிவத்தில் எழுதும் வயதே சான்று. கருவுற்றிருப்பதை வயது காட்டாது. மேல்படுக்கை கிடைத்த பெண் எதிரில் இருப்பவரிடம் இடம் கேட்டு இரந்து நிற்கிறாள். தலையணை அந்த ஏற்பாட்டுக் குறைக்கு இட்ட ஒட்டுத்துணி.

மூன்றாவது மருத்துவக் கோப்பு. தாய் சேய் பாதுகாப்பு அட்டையை அவள் உடன் கொண்டுசெல்லத்தான் வேண்டும். ஆனால் குஜராத்தியில் அச்சிட்டு நிரப்பப்பட்ட அட்டையைப் பீகாரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர் எவ்வாறு படிப்பார்? இரத்த வகை, இரத்தச்சோகையின் அளவு, முந்தைய அறுவைப் பிரசவம் ஆகியவற்றையேனும் எந்த மாநிலத்திலும் படிக்கத்தக்க இரண்டாம் மொழி ஒன்றிலும் பதிய வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அன்று. மொழிகளுக்கிடையே இடம்பெயரும் உழைப்பாளர்களைக் கொண்ட நாட்டில், அரசின் ஆவணம் மட்டும் ஒரே மொழியில் நின்றுவிடுகிறது.

வீட்டுக்குள்ளும் இதே இலக்கணம்தான். பண்டிகைப் பயணத்தில் அவள் கட்டுவது தன் பையை மட்டுமா? பிள்ளைகளின் உடை, மாமியாரின் மருந்து, உறவினர்க்கான இனிப்பு, வழிச்சாப்பாடு எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகே தன்னுடையது. ‘கனமான பையைத் தூக்காதீர்கள்’ என்று அவளிடம் சொல்லும் பட்டியல், ‘நீங்கள் தூக்குங்கள்’ என்று எவரிடமும் சொல்வதில்லை.

‘அப்படியானால் பயணத்தையே தவிர்க்கலாமே’ என்பார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ சடங்கு முடித்து அனுப்பிவைக்கும் சமூகமே, பயணம் ஆபத்து என்றும் எச்சரிக்கிறது. வேலைசெய்யும் ஊரில் துணைக்கு ஆளில்லாதவள் ஊர் திரும்புவது உல்லாசத்துக்காக அன்று. விமானம் ஏற வசதியுள்ளவர்களுக்கும் பொதுவாக 32 வாரங்களுக்குப் பின் மருத்துவச் சான்று தேவை; 36 வாரங்களுக்குப் பின் இடமே இல்லை. ஏழைப் பெண்ணுக்கு எஞ்சுவது ரயில்தான். 2020 மே மாதத்தில் புலம்பெயர் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற சிரமிக் சிறப்பு ரயில்களில் குழந்தைகள் பிறந்தன. அத்தாய்மார்கள் அறிவுரைப் பட்டியலைப் படிக்கத் தவறியதால் ஓடும் ரயிலில் பிரசவிக்கவில்லை.

‘ஆயத்தமாக இருப்பது தவறா’ என்ற மறுப்பும் எழும். தவறன்று. மாத்திரையும் கோப்பும் தளர்ந்த உடையும் வழுக்காத செருப்பும் அவளே எடுத்துவைக்க வேண்டியவை. உடல் அவளுடையது, அதை அறிந்தவளும் அவளே. மற்றவற்றுக்குத்தான் எழுவாயை மாற்றி எழுத வேண்டும். கீழ்ப்படுக்கையை ரயில்வே ஒதுக்கிக்கொடுக்கட்டும்; முன்பதிவில்லாப் பெட்டியிலும் அவளுக்கென இருக்கை குறித்துக்கொடுக்கட்டும். கழிப்பறையைத் தூய்மையாக வைத்துக்கொடுப்பது நிர்வாகத்தின் பணி. அட்டையைப் படிக்கும்படி எழுதிக்கொடுப்பது சுகாதாரத் துறையின் பணி. பையைத் தூக்கிக்கொடுப்பது உடன்வருபவரின் பணி. அடுத்த பண்டிகைக்குப் பட்டியல் எழுத அமர்பவர்கள், ஒவ்வொரு வரியிலும் ‘கொள்’ வர வேண்டுமா ‘கொடு’ வர வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுதட்டும். பாதிப் பட்டியல் அவள் முகவரியிலிருந்து நீங்கி, உரியவர்களின் முகவரிக்குப் போய்ச் சேரும்.