திராக்ஷைத் தோட்டமும் தர்மசாலையும்

மது என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் வாசகர்கள் இவ்வாரம் நம்மிடம் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும். திராக்ஷை மதுவினால் பெயர் பெற்ற ஓர் ஊரைப் பற்றியே எழுதப் போகிறோம். மதுவிலக்கில் நமக்குள்ள பற்று எள்ளளவும் குறைந்துவிடவில்லை. ஆயினும் அவ்வூரின் சரித்திரத்தில் நாம் அறிய வேண்டிய தர்மம் ஒன்று இருக்கிறது.

பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தில், திராக்ஷைச் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும் சரிவுகளின் அடியில் 'போன்' என்னும் சிறு நகரம் இருக்கிறது. பழைய மதிலும் கொத்தளங்களும் இன்னும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. கல் பாவிய குறுகிய தெருக்களும், 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த மாதா கோயிலும், மதுப் பீப்பாய்களை அடுக்கிய நிலவறைகளும் அவ்வூரின் பழமைக்குச் சான்று பகர்கின்றன.

எனினும் ஊரின் பெருமையெல்லாம் அங்குள்ள தர்ம வைத்தியசாலையையே சாரும். தெருப்பக்கம் அதன் கூரை சாம்பல் நிறம். உள்முற்றத்தில் நுழைந்தாலோ சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பழுப்புமாக மெருகோடுகள் கோலமிட்டதுபோல் பளபளக்கும்.

பர்கண்டிப் பிரபு பிலிப்பின் பிரதம மந்திரி நிக்கோலா ரோலினும் அவர் மனைவி கிகோனும் 1443-ல் இதை ஸ்தாபித்தனர். நூறாண்டுப் போரினால் நாடு சீர்குலைந்து, ஜனங்கள் பசியாலும் பிணியாலும் வாடிய காலம் அது. 1452 ஜனவரி முதல் தேதி முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். ஏழைகளுக்கென அமைந்த கூடம் 50 மீட்டர் நீளமுள்ளது. அதன் கோடியிலேயே பிரார்த்தனை மண்டபமும் இருந்ததால், படுத்தபடியே பூஜையைக் காண முடிந்தது.

ரோலின் பெரும் பொருள் குவித்தவர். அத்தனை பேரை ஏழைகளாக்கியவர் அவர்களுக்கு ஒரு வீடு கட்டுவது நியாயமே என்று பதினொன்றாம் லூயி அரசர் பரிகசித்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், அவர் கட்டடத்தைக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. அது நடப்பதற்கு வருமானமும் எழுதிவைத்தார். 1457 முதல் மற்றவர்களும் திராக்ஷைத் தோட்டங்களைத் தானம் செய்யலாயினர். இன்று அவை ஏறக்குறைய 150 ஏக்கர். 1859-ல் தொடங்கிய மது ஏலம் நவம்பர் மாதத்து மூன்றாம் ஞாயிறன்று இன்றும் நடைபெற்று வருகிறது. நோயாளிகள் 1971-ல் புதிய ஆஸ்பத்திரிக்கு மாறினர்; பழைய மாளிகை காட்சிசாலையாயிற்று. ஆயினும் ஏலப் பணம் வைத்தியத்துக்கே செல்கிறது.

அக்கூடத்துக்கென ரோலின் எழுதுவித்த சித்திரமும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. ரோகியர் வான் தேர் வைடன் தீட்டிய இறுதித் தீர்ப்பு அது. தேவதூதர் ஒருவர் தராசில் மனிதரை நிறுக்கிறார். பாவத்தின் தட்டே தாழ்ந்திருக்கிறது. அதே படத்தின் வெளிக்கதவில் ரோலின் மண்டியிட்டு வணங்குகிறார்.

அவர் தட்டு எப்பக்கம் தாழ்ந்ததோ, தீர்ப்புச் சொல்ல நாம் யார்? படுக்கை கிடைத்த ஏழை அதைக் கேட்டிருக்க மாட்டான். கொடுத்தவன் மறைந்த பின்னும் நின்று நடக்கும்படி தர்மத்துக்கு வேர் வைத்துவிட்டுப் போனாரே, அதை மட்டும் நம்மவர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளலாம்.