வெளிறிப் போன வானம்

"ஓவியத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவா காட்சி சாலை?"

நீர்வர்ண ஓவியத்தைப் பார்க்க ஆசையோடு போய், அது சுவரில் இல்லை என்று அறிந்தவர்கள் இப்படிக் கேட்பது உண்டு.

பூட்டி வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. காரணத்தைக் கேளுங்கள்.

வின்ஸ்லோ ஹோமர் அமெரிக்க ஓவியர். 1836-ம் ஆண்டு பிறந்தார். 1910-ம் ஆண்டு காலமானார். அவர் 1889-ம் ஆண்டில் ஒரு படம் தீட்டினார். அதன் பெயர் "அக்டோபர் நாள் ஒன்று".

அமெரிக்காவின் வட பகுதியில் அக்டோபர் மாதம் இலையுதிர் காலம். இலைகள் உதிர்வதற்கு முன் மஞ்சளாகும், சிவக்கும். மலையே தீப்பிடித்தது போல் இருக்கும். அப்படி ஒரு மலை. அதன் கீழே ஏரி. ஏரியை நீந்திக் கடக்கிறது ஒரு மான். இதுதான் அந்தப் படம்.

நீர்வர்ணம் என்றால் என்ன? சாயப் பொடியைப் பிசினோடு சேர்த்து, தண்ணீரில் கரைத்துத் தாளில் தீட்டுவார்கள். வர்ணம் மிக மெல்லியதாகப் படியும். அடியில் உள்ள தாளின் வெள்ளை ஊடுருவித் தெரியும். அழகும் அதில்தான். ஆபத்தும் அதில்தான்! வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் சில சாயங்கள் மெல்ல மெல்ல அழிந்துவிடும்.

கற்பனை அல்ல

இதே ஹோமர் 1887-ம் ஆண்டில் ஒரு பண்ணைச் சிறுவனைத் தீட்டினார். அந்தப் படம் சிகாகோ கலைக் கூடத்தில் இருக்கிறது. அதில் வானம் வெறும் வெள்ளையாக இருந்தது. விஞ்ஞானிகள் தாளை நுணுகி ஆராய்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத செஞ்சாயத் துகள்கள் அகப்பட்டன. ஹோமர் தீட்டியது வெள்ளை வானம் அல்ல. செக்கச் சிவந்த அந்தி வானம்!

அந்த வானம் இனித் திரும்பி வராது. வேறொருவர் மீண்டும் தீட்டலாம். ஆனால் அது ஹோமரின் வானம் ஆகுமா?

ஆகவே, சில மாதம் மங்கிய வெளிச்சத்தில் காட்டுவதும், பிறகு இருட்டில் ஓய்வு கொடுப்பதும் கஞ்சத்தனம் அல்ல. இன்று நாம் ஆசை தீரப் பார்த்துவிட்டால், நம் பேரப் பிள்ளைகள் பார்க்க வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். நமக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுச் சுவரையும் ஒரு முறை பாருங்கள். வெயில் விழும் இடத்தில் வர்ணப் போட்டோ தொங்குகிறதா? அதற்கும் இதே கதிதான். இன்றே நிழலான இடத்துக்கு மாற்றிவிடுங்கள்!