எளிமையும் எளிமைக்கோலமும்

ஆங்கிலத்திலே ‘ஃபோக்சி’ என்றொரு சொல் உண்டு. மக்களைக் குறிக்கும் ‘ஃபோக்’ என்பதனடியாகப் பிறந்து, அமெரிக்க வழக்கிலே வேரூன்றியது. ஊர்ப்புறத்தாரின் ஒளிவுமறைவற்ற பேச்சையும் முறைமை பாராட்டாத நட்புரிமையையும் அது சுட்டும். இதனைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் நாடுவது ‘எளிமை’ என்னும் சொல்லையே. இது சிறு பிழையன்று என்பதே எமது வாதம்.

வயலிலிருந்து வரும் கமக்காரரைப் பார்த்து அவருடைய அயலவர் எவரும் ‘ஃபோக்சி’ என்பதில்லை. அவர் பேச்சு அவருடையது, அவ்வளவுதான். வேறு விதமாகவும் பேச வல்லவர் அவ்வாறு பேசும்போதே இச்சொல் பெரிதும் தேவைப்படுகின்றது. அதிலும், அவர் வாக்குக் கேட்டு நிற்பவராயின் சொல்லவே வேண்டியதில்லை!

ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 1946இல் கனெக்ரிகட் மாநிலத்திலே பிறந்தவர். செனட்டர் ஒருவரின் பேரன். யேல், ஹாவார்ட் பல்கலைக்கழகங்களிற் கற்றவர். 1978இல் அவர் டெக்சாசிலே காங்கிரசுக்குப் போட்டியிட்டபோது, எதிர்த்து நின்ற கென்ட் ஹான்ஸ் அக்கல்வியையே சுட்டிக்காட்டி அவரை அந்நியராக்கினார். புஷ் தோற்றார். 1999இல், ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய ஆண்டில், கிரோஃபோர்டிலே ஏறத்தாழ 1,600 ஏக்கர் பண்ணையொன்றை வாங்கினார். பின்னர் அங்கே அவர் புதர் வெட்டும் காட்சியை உலகம் படங்களிலே கண்டது. இதனை ‘எளிமை’ என மொழிபெயர்த்தல் தகுமா?

பேச்சின் இணக்கம் யாவும் வேடமே என்று யாம் கூறவில்லை. ரூஸ்வெல்ட்டும் செல்வக் குடியிற் பிறந்தவரே. எனினும் 1933 மார்ச் 12ஆந் திகதி, வங்கிகள் மூடிக்கிடந்த வேளையில், மக்கள் இட்ட பணத்தை வங்கி என்ன செய்கின்றது என்பதை அவர் வானொலியிலே விளங்கவைத்தார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, எடுத்த பணத்தை மக்கள் திரும்ப இட்டனர். ஆங்கே நட்புரிமைப் பேச்சு, கேட்போருக்கு ஒரு பொருளை எட்டச் செய்தது.

தமிழில் ‘எளிமை’க்குத் தனி வரலாறு உண்டு. வறுமை அதன் ஒரு பொருள். மற்றொன்றை வள்ளுவர் ‘இறைமாட்சி’யிலே வைத்தார்: அரசன் காண்பதற்கு எளியவனாயிருத்தல். யாருக்கு எளியவன்? நீதி கேட்டு வருவோர்க்கும் வறுமையுற்று இரந்து வருவோர்க்கும் எனப் பரிமேலழகர் விளக்குவார். அஃதாவது, அரசனின் எளிமையை வாயிலில் நிற்பவனின் அனுபவத்தைக் கொண்டே அளக்கவேண்டும். அரசனின் பேச்சையோ உடையையோ கொண்டன்று. ‘ஃபோக்சி’யோ பேசுபவரின் பாவனையோடு நின்றுவிடுகின்றது. வாயிற்கதவு திறந்திருக்கின்றதா என்று அது கேட்பதேயில்லை. இவ்விரண்டையும் ஒரு சொல்லாக்கினால், கதவைப் பூட்டிவிட்டுத் தோளிற் கைபோடும் ஒருவருக்கு வள்ளுவரின் நற்சான்றிதழை நாமே எழுதிக் கொடுத்தவராவோம்.

இயல்பாய் அமைந்ததை ‘ஊர்ப்பாங்கு’ எனலாம். மேற்கொண்டதை ‘எளிமைக்கோலம்’ என்போம். சொல் நீளுகின்றதே என மொழிபெயர்ப்பாளர் முறையிடலாம். நீளட்டும்.