கொடுக்கும் கையும் வாங்கும் மனமும்



அமெரிக்கா என்றதும் நம் கண்முன் தோன்றுவன வானளாவிய கட்டடங்களும் செல்வச் செழிப்புமேயாம். ஆனால் அந்நாடும் பசியை அறிந்த நாடுதான். 1929 ஆம் ஆண்டில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து பெருமந்தம் சூழ்ந்தது. 1933 அளவில் உழைக்கும் மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. அதே காலத்தில் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மழை பொய்த்தது. புழுதிப் புயல் வயல்களை மூடியது. குத்தகை விவசாயிகளை நிலவுடைமையாளர்களும் வங்கிகளும் வெளியேற்றினர். பழைய வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, இலட்சக்கணக்கானோர் மேற்கே கலிஃபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டனர்.

இத்தகைய எளிய மக்கள் துன்பத்தைத் தாங்கி மீண்டதைக் கூறும் நாவல்கள் அந்நாட்டு இலக்கியத்தில் பல உள்ளன. அவற்றுள் இரண்டினைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம். இரண்டும் வெவ்வேறு ஊர்களின் கதைகள். எனினும் இரண்டும் ஒரே கேள்வியை நம்முன் வைக்கின்றன: இல்லாதவருக்கு நாம் உதவும்போது, அவருடைய மானம் என்னவாகிறது?

முதலாவது, ஜான் ஸ்டீன்பெக் எழுதி 1939 இல் வெளிவந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. 1940 இல் புலிட்சர் பரிசு பெற்ற நூல் இது. இதன் ஆசிரியருக்கு 1962 இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஓக்லஹோமாவிலிருந்து நிலமிழந்து கலிஃபோர்னியா செல்லும் ஜோடு குடும்பத்தின் கதையை இது கூறுகிறது.

இந்நாவலின் நடுவே, நெடுஞ்சாலையோர உணவுக்கடை ஒன்று வருகிறது. ஊரைவிட்டுப் புறப்பட்ட ஏழை ஒருவர், தம் இரு சிறுவர்களுடன் அங்கே வந்து, பத்து சென்ட்டுக்கு ரொட்டி கேட்கிறார். கடையில் இருப்பதோ பதினைந்து சென்ட் ரொட்டி. பரிமாறும் பெண் முதலில் மறுக்கிறாள். அடுப்படியில் நிற்கும் சமையற்காரர், முழு ரொட்டியையும் கொடுத்துவிடும்படி அதட்டுகிறார். அப்போதும் அந்த ஏழை, பத்து சென்ட்டுக்கு உரியதை வெட்டித் தந்தால் போதும் என்கிறாரேயன்றி, இலவசமாகப் பெற விரும்பவில்லை. பின்பு சிறுவர்கள் இருவரும் மிட்டாய்ப் பெட்டியின் முன் இமைக்காமல் நிற்பதைக் கண்டு, அதன் விலையைத் தயங்கியபடி கேட்கிறார். ஒன்று ஐந்து சென்ட் விற்கும் மிட்டாயை, ஒரு சென்ட்டுக்கு இரண்டு என்று சொல்லிக் கொடுக்கிறாள் அப்பெண். வாங்கியவர் தலைநிமிர்ந்து செல்கிறார். அங்கு அமர்ந்து இதனைக் கவனித்த லாரி ஓட்டுநர்கள், தாங்கள் உண்டதற்குரிய விலைக்கு மேல் காசு வைத்துவிட்டுப் போகின்றனர்.

இங்கே கொடுக்கப்பட்டது சில சென்ட்டுகளே. ஆயினும் வாங்கியவரிடம், தாம் தருமம் பெற்றோம் என்னும் எண்ணம் எழவில்லை. விலையைக் குறைப்பது விற்பவரின் உரிமை. அந்த உரிமையைக் கருணையின் கருவியாக்கினாள் அந்தப் பணிப்பெண்.

இதே நாவலில் இதற்கு நேர்மாறான ஓர் அனுபவமும் பேசப்படுகிறது. கலிஃபோர்னியாவில் அரசு நடத்திய முகாமொன்றில் ஜோடு குடும்பம் தங்குகிறது. அங்கு ஒரு பெண்மணி, முன்னொரு குளிர்காலத்தில் தம் குடும்பம் பசியோடு ஓர் அறநிறுவனத்தின் வாயிலில் நின்றதை நினைவுகூர்கிறார். உணவு கிடைத்தது, ஆனால் அதற்காகத் தவழ வைத்தார்கள். தம் கணவர் தோற்றுக் குன்றிய முகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டதாக அவர் கூறுகிறார். பசி தீர்ந்த பின்னும் அந்தக் காயம் ஆறவில்லை.

ஆகவே அம்முகாமின் பெண்கள் குழுவினர் ஒரு நெறி வகுத்திருந்தனர். எவரும் எவருக்கும் நேராகத் தருமம் செய்யலாகாது. கொடுக்க விரும்புவோர் முகாமுக்குக் கொடுக்கட்டும், முகாம் அதனைத் தேவையுடையோருக்கு வழங்கும். பிறருக்கு மேலாகத் தன்னை உயர்த்திக் காட்ட ஒருவருக்கும் இடமில்லை. வாரத்துக்கு ஒரு டாலர் வாடகை; பணமில்லாதவர் முகாமைத் துப்புரவு செய்தும் அதனைத் தீர்க்கலாம்.

இது வெறும் கற்பனையன்று. கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் ஆர்வின் என்னும் ஊரருகே இருந்த முகாமே இதற்கு மாதிரி. அதன் பொறுப்பாளராயிருந்த டாம் காலின்ஸுக்கும் ஆசிரியர் இந்நூலைக் காணிக்கையாக்கியுள்ளார். அதே கெர்ன் மாவட்ட நிர்வாகம் 1939 ஆகஸ்டில் இந்நூலைத் தன் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தடைசெய்தது என்பது வரலாறு.

இம்முகாமின் நெறியைப் படிக்கையில் நமக்கு எது நினைவுக்கு வருகிறது? பைத்துல்மாலன்றோ! செல்வரின் ஜகாத் பொதுநிதியில் சேர்கிறது. அங்கிருந்து உரியவரைச் சென்றடைகிறது. பெறுபவர் எந்தத் தனிமனிதர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அவர் பெறுவது பிச்சையன்று, அல்லாஹ் வகுத்த உரிமை.

இரண்டாவது நாவல், பெட்டி ஸ்மித் எழுதி 1943 இல் வெளிவந்த 'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்'. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலேயே ஏழ்மையில் வளர்ந்தவர் இதன் ஆசிரியை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழும் கதை. தந்தை அன்புள்ளவர், ஆனால் மதுவுக்கு அடிமை. தாய் கேட்டி, வாடகைக்கு ஈடாகக் கட்டடங்களைக் கழுவித் துடைத்துக் குடும்பத்தைக் காக்கிறாள். மகள் ஃபிரான்சி நூல்களில் உலகைக் காண்கிறாள்.

அவ்வீட்டில் தாராளமாகக் கிடைப்பது காப்பி ஒன்றே. ஃபிரான்சி தன் பங்கைக் குடிப்பதில்லை; அதன் மணத்தையும் சூட்டையும் அனுபவித்துவிட்டு, ஆறியதும் கொட்டிவிடுகிறாள். உறவினர் கடிந்துரைக்கின்றனர். தாயோ, தம்மைப் போன்றோரும் எப்போதாவது ஒன்றை வீணாக்க முடிகிறதே என்று அதனை அனுமதிக்கிறாள். வீண்விரயத்தை நம் மார்க்கம் தடுத்துள்ளது. அச்செயலை நாம் பின்பற்றுவதற்கில்லை. ஆனால் வறுமை தன் மகளின் உள்ளத்தையும் வறிதாக்கிவிடக் கூடாது என்று அத்தாய் கொண்ட கவலை கவனிக்கத்தக்கது.

அந்தப் பிள்ளையின் உள்ளத்தைக் காயப்படுத்தியது ஒரு நன்கொடை! கிறிஸ்துமஸ் விழா ஒன்றில், செல்வச் சிறுமி ஒருத்தி தன் பொம்மையை, 'மேரி' என்னும் பெயருடைய ஏழைச் சிறுமிக்கு வழங்கப்போவதாக மேடையில் அறிவிக்கின்றனர். கூடியிருந்த அத்தனை குழந்தைகளும் பொம்மைக்கு ஏங்கினர். எனினும் 'ஏழை' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவரும் எழவில்லை. இறுதியில் ஃபிரான்சி தன் பெயர் மேரி என்று பொய் சொல்லி எழுகிறாள். அவள் நடந்து செல்லும் வழியெங்கும் மற்றக் குழந்தைகள், பிச்சைக்காரி என்று கிசுகிசுக்கின்றனர். ஏழை, பணக்காரி என்று கூறாமலே அந்தப் பொம்மையைக் கொடுத்திருக்கலாமே என்று அவள் உள்ளம் குமைகிறது.

ஒரு சொல் போதுமானதாயிற்று, ஒரு குழந்தையின் மகிழ்ச்சியைப் பறிக்க!

தருமம் செய்துவிட்டு அதனைச் சொல்லிக்காட்டுவதும் மனத்தைப் புண்படுத்துவதும் அத்தருமத்தையே பாழாக்கிவிடும் என அருள்மறை (2:264) எச்சரிக்கிறது. வறுமையிலும் வாய்திறந்து கேளாதவர்களை, அவர்களின் முகக்குறி கொண்டு அறிந்துகொள்ளுமாறு அதே அத்தியாயம் (2:273) உணர்த்துகிறது. வலக்கரம் ஈவதை இடக்கரமும் அறியாதவாறு மறைத்துக் கொடுப்பவர், மறுமையில் இறைவனின் நிழல் பெறுவோரில் ஒருவர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. கையேந்துவதினும், கயிறெடுத்து விறகு சுமந்து விற்றுப் பிழைப்பது மேல் என்பதும் அப்பெருமானாரின் போதனையே.

இத்தனையும் கற்ற நம்மிடையே இன்று நடப்பதென்ன? ஒரு பை அரிசிக்காக விதவைப் பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்துகிறோம். பையின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்தபடி நிழற்படம் எடுக்கிறோம். அப்படம் நொடிப்பொழுதில் கைப்பேசி வழியே ஊரெங்கும் பரவுகிறது. மறுநாள் பள்ளிக்குச் செல்லும் அவள் மகளை, தோழியர் என்ன பெயரிட்டு அழைப்பர் என்று எண்ணிப் பார்த்தோமா?

மாற்றுவது கடினமன்று. ஜகாத்தை ஜமாஅத்தின் பைத்துல்மால் வழியே சேர்ப்பிக்கலாம். அரிசிப் பையை இரவில் வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கலாம். பள்ளிக் கட்டணத்தைப் பெயர் சொல்லாமல் செலுத்தலாம். உழைக்கும் வலிமையுடையோருக்குத் தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கித் தந்து, அடுத்த ஆண்டு அவரையே கொடுப்பவராக்கலாம்.

ஜோடு குடும்பத்துக்கு இழந்த நிலம் இறுதிவரை திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர்களின் மனிதம் அழியவில்லை. பெற்ற குழந்தையை இழந்த மகள், பசியால் மடியவிருந்த முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்க முன்வருகிறாள். ஃபிரான்சியோ கல்விக்கென வெளியூர் புறப்படுகிறாள். மானம் எஞ்சியிருந்ததால்தான் இவ்விரு வீட்டாராலும் மீண்டும் எழ முடிந்தது. பொருளை இழந்தவருக்குப் பொருள் கொடுத்து ஈடு செய்யலாம். நம் கொடையால் மானத்தை இழந்தவருக்கு எதைக் கொடுத்து ஈடு செய்வோம்?

வாங்குபவரின் மனம் நோகாமல் வழங்கும் நற்பேற்றினை, வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.